சீஸிங் சார்ஜ் யார் தலையில்?

2016 மார்ச். ஒரத்தநாடு பக்கம் சோழகன்குடிக்காட்டில் ஒரு விவசாயியை டிராக்டரிலிருந்து போலீஸ் அடித்து இழுத்துப்போன வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். தனியார் வங்கிக் கடன். 2011இல் வாங்கியது சுமார் 3.8 லட்சம், கட்டியது 4 லட்சத்துக்கு மேல், பாக்கி இன்னும் ஒன்றேகால் லட்சம் சொச்சம் என்று அன்றைய செய்திகள் சொல்லின. ரெண்டு நாள் கொதித்தோம். அப்புறம் அடுத்த வீடியோ வந்துவிட்டது.

"கடன் வாங்கினா கட்டணும்ல?" என்று அன்றைக்கும் கேட்டார்கள். கட்டணும்தான். எதை வைத்து? டெல்டாவில் குறுவைக்கு மேட்டூரை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். 2011இல் அதற்கு முன்பே திறந்தார்கள். அந்தத் தண்ணியை நம்பி அந்த வருஷம் எத்தனை பேர் டிராக்டர் எடுத்திருப்பார்கள்! 2012லிருந்து 2019 வரை ஒரு வருஷம்கூட அந்தத் தேதிக்கு ஷட்டர் தூக்கவில்லை. தண்ணி தேதி தவறினால் அதற்குப் பெயர் இயற்கை, அரசியல், காவிரி வழக்கு. விவசாயி தேதி தவறினால் அதற்குப் பெயர் 'டிஃபால்ட்'.

நம் தாத்தாக்கள் அமீனாவுக்குப் பயந்தவர்கள். ஜப்தி என்றாலே ஊர் கூடிவிடும், மானம் போய்விடும். ஆனால் அமீனா கையில் கோர்ட் காகிதம் இருந்தது. அதற்கு ஒரு எல்லையும் இருந்தது. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், 60ஆவது பிரிவு: பிழைப்புக்கு வேண்டிய உழவுக் கருவி, மாடு, விதைநெல் ஆகியவற்றில் கைவைக்காதே. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துக்கே தெரிந்திருந்தது, ஏரைப் பிடுங்கினால் கடன் எப்படித் திரும்பும் என்று. இன்றைக்கு ஏர்தான் டிராக்டர். ஆனால் அதையே ஈடாக எழுதி வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பு கையெழுத்தோடு போச்சு.

இதில் இன்னொரு கொடுமை, இழுத்துப்போன கூலியும் நம்ம கணக்கில்தான் ஏறும். சீஸிங் சார்ஜ், யார்டு வாடகை, வக்கீல் நோட்டீஸ் செலவு. யார் நிர்ணயித்தது? ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், இங்கிலீஷில் இருக்கும். இங்கிலாந்தில் பார்க்கிங் அபராதம் கட்டாதவர் வீட்டுக்கு வரும் பெய்லிஃப்புக்குக்கூட 2014இல் விதி போட்டுக் கட்டணம் குறித்தார்கள்: கேஸ் கைக்கு வந்தால் 75 பவுண்டு, வாசலுக்கு வந்தால் 235. இல்லாதவனுக்கு அதுவே பேரிடிதான். ஆனாலும் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். நம்மூரில் வண்டியை மீட்கப் போகும்போதுதான் தெரியும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. கடன் வசூலிக்க அடியாள் வைக்காதே என்று உச்ச நீதிமன்றம் 2007இல் சொன்னது. காலை 8க்கு முன்னாலும் இரவு 7க்குப் பின்னாலும் போன் போடாதே என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொன்னது. கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு சட்டமன்றமும் 2025இல் தனிச் சட்டம் நிறைவேற்றியது. இத்தனை காகிதமும் வயல் வரப்பு வரைக்கும் நடந்து வரணுமே!

சோழகன்குடிக்காட்டில் உத்தரவு இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். எந்த உத்தரவில் உதைக்கச் சொல்லி இருக்கும்?

கேட்பது மூன்றுதான். கோர்ட் காகிதம் இல்லாதவன் சாவியைத் தொடக்கூடாது. நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் டிராக்டரை எடுக்கக்கூடாது. சார்ஜ் பட்டியலைத் தமிழில், உச்சவரம்போடு, கையெழுத்து வாங்கும் முன்பே கையில் கொடுக்கணும். இது கடன் தள்ளுபடி கோரிக்கை கிடையாது. வாங்கினவன் கட்டணும் என்கிறீர்களே, அவன் கட்டுவதற்கு வழியை விட்டுவையுங்கள் என்கிறோம்.