தீர்ப்பு வரட்டும்... பதவிக்காலம் முடியும் முன் வரட்டும்!



போன வருடம் 'ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பேப்பரில் நாலு மார்க்கில் கோட்டை விட்டேன். நன்றாக எழுதியிருந்த தைரியத்தில் ரீவேல்யூவேஷனுக்குப் பணம் கட்டினேன். பாஸ் என்று முடிவு வந்தது. எப்போது? அரியர் ஃபீஸ் கட்டி, ராத்திரி பகலாய்ப் படித்து, அதே பேப்பரை மறுபடி எழுதி முடித்த பிறகு! "அதான் நியாயம் கிடைச்சிருச்சே, விடுடா" என்றான் ரூம்மேட். கிடைத்தது சரி, என்ன பிரயோஜனம்?

தேர்தல் வழக்குகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம்தான்.

"மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரை நீக்க நீதிபதி யார்?" என்று நம் ஹாஸ்டலிலேயே கேட்கிறார்கள். அதில் பாதி நியாயம் உண்டு. தேர்தல் நடக்கும்போதே கோர்ட் குறுக்கே வந்தால் எந்தத் தேர்தலும் முடியாது. நாமக்கல்லில் வேட்புமனு தள்ளுபடியான என்.பி. பொன்னுசாமியின் வழக்கில் 1952-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: முதலில் தேர்தல் முடியட்டும், குறையை அப்புறம் தேர்தல் மனுவில் சொல்லுங்கள். அரசியல் சட்டத்தின் 329-வது பிரிவும் அதுவே. எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் என்றால் முடிவு வந்த 45 நாட்களுக்குள் ஐகோர்ட்டில் மனுப் போட வேண்டும்.

முடிவு வந்த பிறகும் தலையிடக் கூடாது என்றால்? 2024 ஜனவரி 30-ல் சண்டிகர் மேயர் தேர்தல். பதிவானவை 36 ஓட்டு. அதில் எட்டைச் செல்லாது என்று தள்ளி, 16-க்கு 12 என்று அறிவித்தார் தேர்தலை நடத்திய அதிகாரி. அந்தச் சீட்டுகளில் அவரே பேனாவால் கோடு போட்டது கேமராவில் பதிவாகியிருந்தது! சுப்ரீம் கோர்ட் சீட்டுகளை வரவழைத்துப் பார்த்தது. எட்டும் செல்லும் என்றது. இருபது ஓட்டுப் பெற்ற குல்தீப் குமாரே மேயர் என்று பிப்ரவரி 20-ல் தீர்ப்பளித்தது. மூன்றே வாரம்!

இனி நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 2016-ல் ராதாபுரம். 49 ஓட்டில் இன்பதுரை வெற்றி, அப்பாவு தோல்வி. நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்ட 203 தபால் ஓட்டுகளை எண்ணாமல் தள்ளியது சரியா என்பதே வழக்கு. அவற்றை எண்ணச் சொல்லி ஐகோர்ட் உத்தரவிட்டது 2019 அக்டோபரில்! மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. தடை நீங்காமலே 2021-ல் சட்டசபைக் காலமும் முடிந்தது. ஐந்து வருடம் அந்தத் தொகுதிக்கு உண்மையான எம்.எல்.ஏ. யார்? ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கே தெரியாமல் போச்சு!

தேர்தல் மனுவை ஆறு மாதத்தில் முடிக்க 'முயல வேண்டும்' என்கிறது 1951-ம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். முயன்றால் போதுமா? 'முடிக்க வேண்டும்' என்று திருத்த வேண்டும். அப்பீலுக்கும் கெடு வேண்டும். தேர்தல் வழக்கை மட்டும் விசாரிக்கத் தனி நீதிபதி வேண்டும். தோற்றவரெல்லாம் ஓடி வருவார்களே என்றால், ஆதாரமில்லாத மனுவுக்குச் செலவுத் தொகை விதிக்கட்டும்.

கோர்ட் தலையிடலாமா என்று பட்டிமன்றம் நடத்தியது போதும் நண்பர்களே. எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்போம். நாளை ஓட்டுச்சாவடி வரிசையில் நிற்கப் போகிறவர்கள் நாம்தானே!

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் மாணவன்