கோழியின் காயமும் நாயின் மீது பழியும்

நமது சங்கப் பேரேடுகளில் கோழிக்கெனத் தனிப் பக்கம் கிடையாது. ஆயினும் பாவு கிடைக்காமல் தறி நின்றுபோன வாரத்திலும், அறுவடைக்கு முந்திய நெருக்கடி மாதத்திலும் உப்புக்கும் புளிக்கும் காசு தருவது பல வீடுகளில் கொல்லைப்புறத்து நாட்டுக்கோழியே என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். ஆதலால் ஒரு கோழிக்குப் பட்ட காயத்தைப் பற்றி இங்கே எழுதுவதைச் சிறு விஷயமென்று எவரும் தள்ளிவிட மாட்டார்கள் என நம்புகிறோம்.

அண்மையில் ஒரகடத்தை அடுத்த ஒரு கிராமச் சங்கத்துக்குச் சென்றிருந்தோம். கடன் மனு ஒன்றுக்கு ஜாமீன் நிற்க ஒப்புக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் இப்பொழுது மறுத்துவிட்டதாகச் செயலாளர் தெரிவித்தார். மனுதாரர் வீட்டு நாய் தமது முட்டைக்கோழியைக் கடித்துவிட்டது, பத்து நாட்களில் இது இரண்டாவது கோழி என்பது அம்மையாரின் புகார். மனுதாரரோ இரவு முழுவதும் நாயைக் கட்டியே வைத்திருந்ததாகச் சத்தியம் செய்தார். விதைக்கும் உரத்துக்கும் வேண்டியிருந்த கடன் ஒரு கோழியின் பொருட்டு நின்றுபோயிருந்தது.

கோழியைப் பார்க்கலாமா என்று கேட்டோம். அதன் தொடையின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரே கோடாகக் கிழிந்திருந்தது. விளிம்பு கத்தியால் அறுத்தது போல நேராக இருந்தது. சுற்றிலும் இறகுகள் கலையவில்லை. தசை கன்றவும் இல்லை.

நாய் கவ்வினால் அடையாளம் வேறு. பல் பதிந்த குழிகள் இருக்கும். தோல் சிறிதே கிழிந்தாலும் அடியிலுள்ள தசை நசுங்கியிருக்கும். இறகுகள் கொத்தாகப் பிடுங்கப்பட்டுச் சிதறிக் கிடக்கும். கீரி பெரும்பாலும் கழுத்தையும் தலையையும் நாடும். பருந்தின் நகம் முதுகில் பதியும். பெருச்சாளியும் எலியும் இரவில் அடைந்திருக்கும் கோழியின் காலைக் கடிக்கும். சேவல் அடிக்கடி மிதித்தால் முதுகில் இறகு தேய்ந்து, இறக்கைக்குக் கீழே விலாவில் நகக் கீறல் உண்டாகும். இடநெருக்கத்தில் கோழிகளே ஒன்றையொன்று கொத்தினால் வால் புறத்திலும் ஆசனவாயிலும் காயம் தெரியும். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் பருக்கள் தோன்றிப் பொருக்குத் தட்டினால் அது பெரும்பாலும் அம்மை நோய்.

இந்தக் காயமோ இவற்றில் எதையும் ஒத்திருக்கவில்லை. கூட்டைச் சோதித்தோம். 1990களின் பிற்பகுதி முதல் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலைகள் பெருகியபின், சரக்குப் பெட்டிகளின் மரச்சட்டங்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அத்தகைய சட்டங்களைக் கொண்டுதான் இந்தக் கூடும் புதிதாகக் கட்டப்பட்டிருந்தது. சட்டத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டையின் ஒரு முனை வாசலருகே நீட்டிக்கொண்டிருந்தது. கோழியின் தொடை உயரத்தில் இருந்த அந்த முனையில் காய்ந்த இரத்தமும் ஒரு சிற்றிறகும் ஒட்டியிருந்தன. குறடு ஒன்று வாங்கிப் பட்டையைப் பிடுங்கி எறிந்தோம். அம்மையார் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு செயலாளரிடம் பேனாவைக் கேட்டார்.

அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு பண்டகசாலையில் சர்க்கரை இருப்புக் குறைவு கண்டு விற்பனையாளரைச் சந்தேகித்து எழுதிவிட்டோம். தராசில் பிழை இருந்தது பின்னரே தெரியவந்தது. அந்த மனிதரின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. குறைவைக் கண்டவுடன் ஆளைத் தேடுவது எளிது. காரணத்தைத் தேடுவதுதான் கடமை.

இனி சிகிச்சையைப் பற்றி. முதலில் கோழியைத் துணியால் மெல்லச் சுற்றிக் கண்ணை மறைத்தால் அது அடங்கும். இரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சுற்றியுள்ள இறகுகளைக் கத்தரித்து, ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்புக் கரைத்து நன்றாகக் கழுவுக. போவிடோன் அயோடின் மருந்தை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்து தடவலாம். சாம்பல், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் ஆகியவை வேண்டவே வேண்டாம். ஆழ்ந்த காயத்தில் பொடியை அடைத்தால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும். ஆகவே ஈ புகாத இடத்தில் தனியே வைத்துத் தீனியும் நீரும் அருகில் வைக்க வேண்டும். தினம் இருமுறை காயத்தைப் பார்த்து, புழு வைத்திருக்கிறதா என்று கவனிப்பது அவசியம். தொட்டபின் கையைச் சோப்பினால் கழுவுவதும் அவசியம்.

நாயோ பூனையோ கடித்த குழி சிறிதாயினும் உள்ளே சீழ் பிடிக்கும். அத்தகைய காயமும், வயிற்றைத் துளைத்த காயமும், புழு வைத்த காயமும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டியவை. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். மனிதருக்குத் தந்த மாத்திரைகளை நாமாகக் கொடுப்பது தவறு. மருத்துவர் மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டையை விற்கக்கூடாது என்று கேட்டறிவது வாங்குவோருக்கு நாம் செலுத்தும் நேர்மை.

ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் அயோடின், பஞ்சு, கத்தரிக்கோல், குறடு அடங்கிய ஒரு பெட்டி இருக்க வேண்டுமென்பது நமது அபிப்பிராயம். அதற்கு ஆகும் செலவு அற்பம். ஆலைக் கழிவுச் சட்டங்களை வாங்குவோர் ஆணியையும் பட்டையையும் நீக்கிய பின்னரே கூடு கட்ட வேண்டுமென்று மகாசபையில் ஒருமுறை சொல்லி வைப்பதும் நலம்.

1904ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் நம் மாநிலத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் தோன்றியபோது அதன் மூலதனம் பணம் மட்டுமன்று. அண்டை வீட்டார் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையும் ஆகும். அந்நம்பிக்கையை இரும்புப் பட்டையின் ஒரு முனையும் அறுத்துவிடக்கூடும். ஆகவே காயத்தைக் கண்டால், அண்டை வீட்டை நோக்கு முன் நமது கூட்டின் வாசலை நோக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.