பாலையா ஏன் நடுங்கினார்?

‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ என்று தாய்மார்களின் கைக்குட்டையை நனைத்த டைரக்டர் ஸ்ரீதர், 1964-ல் திடீரென்று தம் தொழிலையே கேலிப் பொருளாக்கினார். ‘காதலிக்க நேரமில்லை’யைத்தான் சொல்கிறேன். அதில் நாகேஷ் ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ முதலாளி. மூலதனம் அப்பாவின் பணப்பெட்டி! ‘சித்ராலயா’ என்று சொந்தக் கம்பெனி வைத்திருந்தவரே படமுதலாளியைக் கிண்டல் செய்ததில்தான் ருசி இருக்கிறது.

பேய்க்கதைக் கட்டத்தைக் கவனியுங்கள். பேய் கிடையாது. நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்புகிறார். பாலையா வெலவெலத்துப் போகிறார். நாமோ, கதை சொல்பவரைக் காட்டிலும் கேட்பவரின் முகத்தையே பார்க்கிறோம். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் நம்மையே திரையில் ஏற்றிவிட்டார், சாமர்த்தியசாலி! ‘பியார் கியே ஜா’வில் (1966) மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் இதையே இந்தியில் செய்தார்கள்.

தூத்துக்குடியில் தெரிந்தவர் வீட்டில், சமீபத்தில் இதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆச்சிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. துறைமுகத்தில் வேலை தேடாமல், சென்னைக்குப் போய் உதவி டைரக்டராகப் போகிறேன் என்று நிற்கிறான் மகன்.

“பாலையாவுக்கு எஸ்டேட் இருக்கு, அத்தை. நமக்கு என்ன இருக்கு?” என்றாள். நியாயமான கேள்விதான். படத்தில் இதற்குப் பதில் இல்லை.

ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டாள்.

“எய்யா, ஒரு கதை சொல்லு. நான் பயந்தா ரயிலுக்குக் காசு தாரேன்.”

பையன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மருமகள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.