கருவி செய்வதும் அறிவியலே

ஆய்வக அறிக்கையில் நோக்கம், கருதுகோள், கருவிகளும் பொருள்களும், செய்முறை, முடிவு எனப் பல பகுதிகள் உண்டு. அவற்றுள் மாணவர்கள் அதிகம் யோசிக்காமல் கடந்து போவது கருவிகளைப் பற்றிய பகுதியைத்தான். முகவை, வெப்பமானி, நிறுத்துக்கடிகாரம் என்று எழுதினால் அந்தப் பகுதி முடிந்துவிடும். கருவி என்பது யாரோ செய்து அலமாரியில் வைத்துவிட்ட ஒன்று, அறிவியல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்னும் எண்ணம் இதனால் நம்மிடம் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் சரியன்று என்பது என் கருத்து. எண்ணெய், நெகிழிக் குழாய், மெல்லிய இழை ஆகியவற்றைக் கொண்டு கட்டப்பட்ட ஒரு கருவியே அதற்குச் சான்று.

அந்தக் கருவி நியூட்ரினோக்களைக் கண்டறிவதற்கானது. நியூட்ரினோ அணுவைவிட மிகச் சிறிய துகள். அதற்கு மின்னூட்டம் இல்லை. நிறையும் இல்லை என்று சொல்லிவிடும் அளவுக்குக் குறைவு. கதிரவனிலிருந்து வரும் நியூட்ரினோக்களுள் 60 பில்லியனுக்கும் மேற்பட்டவை ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகத்தை மட்டும் ஊடுருவிச் செல்கின்றன. நாம் எதையும் உணர்வதில்லை. அவை எதன்மீதும் மோதாமல் பூமியையே கடந்து போய்விடுகின்றன.

இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று வோல்ஃப்காங் பாவுலி 1930-இல் கூறினார். அதைப் பிடித்துக் காட்ட மேலும் 26 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1956-இல் ஃபிரெடரிக் ரைனஸ், கிளைட் கோவன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் சவான்னா ரிவர் அணு உலைக்கு அருகில் அதைக் கண்டறிந்தனர். அவர்கள் பயன்படுத்தியவற்றுள் முதன்மையானது, துகள் ஊடுருவினால் மினுங்கும் ஒரு திரவம். அறிவியலார் இதனைத் திரவ சின்டிலேட்டர் என்பர். நாம் இங்கே ஒளிர்திரவம் என்று சொல்வோம். இக்கண்டுபிடிப்புக்காக ரைனஸ் 1995-இல் நோபல் பரிசு பெற்றார். கோவன் 1974-இலேயே மறைந்துவிட்டார். பாடநூல்களில் பாவுலியின் பெயரைத் தேட வேண்டியதில்லை. அந்தத் திரவத்தையும் தொட்டிகளையும் பற்றித்தான் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒளிர்திரவம் மினுங்கும் என்றேன். அந்த மினுக்கம் மிகச் சொற்பமானது. நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட நிலைக்காது. அதை வீணாக்காமல் சேகரிப்பதுதான் கருவி செய்வோரின் தலைவலி. தொட்டியைச் சுற்றி ஒளியுணரும் பெரிய குழாய்களைப் பொருத்துவது பழைய வழி. அவை விலை உயர்ந்தவை. தொட்டி பெரிதாகப் பெரிதாகச் செலவும் கூடும். ஆகவே இன்னொரு வழியையும் கண்டார்கள். அதைப் புரிந்துகொள்ள உங்கள் எழுதுகோல் பெட்டியே போதும்.

பச்சை அல்லது ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று இருக்கும் ஒளிபுகும் நெகிழி அடிக்கோலைப் பார்த்திருப்பீர்கள். அதன் பரப்பைவிட விளிம்புகள் மட்டும் விளக்கேற்றியதுபோல் ஒளிர்வதைக் கவனித்ததுண்டா? அடிக்கோலில் கலந்துள்ள சாயம், வெளியிலிருந்து விழும் ஒளியை உறிஞ்சி, வேறு நிற ஒளியாக எல்லாத் திசைகளிலும் மீண்டும் வெளியிடுகிறது. அவ்வொளியில் ஒரு பகுதி நெகிழிக்குள்ளேயே மோதி மோதி எதிரொளித்து, கடைசியில் விளிம்பு வழியாக வெளியேறுகிறது. இப்போது அந்த அடிக்கோலை முடியைப்போல மெல்லிய இழையாக நீட்டியதாக எண்ணிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் விழுந்த ஒளி இழையின் முனைக்கு வந்துவிடும். சாதாரண இழையாக இருந்தால், ஒரு பக்கம் நுழைந்த ஒளி மறுபக்கம் வெளியேறிப் போயிருக்கும். சாயம் அதை உறிஞ்சி எல்லாத் திசைகளிலும் மீண்டும் வெளியிடுவதால்தான் அதில் ஒரு பகுதி உள்ளே சிக்குகிறது. மேலும், மாறிய நிறத்தைச் சாயம் மீண்டும் அதிகம் உறிஞ்சுவதில்லை. அதனால் ஒளி நெடுந்தூரம் பயணம் செய்ய முடிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் தந்திரங்களுள் இதுவும் ஒன்று.

இந்தத் தந்திரத்தை மிகப் பெரிய அளவில் பயன்படுத்தியது நோவா என்னும் ஆய்வு. அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்திலிருந்து நியூட்ரினோக்கள் கற்றையாக அனுப்பப்படுகின்றன. அவை நிலத்தினூடே 810 கிலோமீட்டர் கடந்து, கனடா எல்லையை ஒட்டிய ஆஷ் ரிவர் என்னும் இடத்தைச் சேர்கின்றன. நம் நாட்டில் புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை செல்லும் நெடுஞ்சாலையைவிட அது சற்று அதிகத் தூரம். நியூட்ரினோக்களுக்கு அதைக் கடக்க நொடியில் ஆயிரத்தில் மூன்று பங்குகூடத் தேவையில்லை. வழியில் அவை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுகின்றன. அம்மாற்றத்தை அளப்பதற்காக 2014-இல் கட்டி முடிக்கப்பட்ட கருவியின் எடை 14,000 டன்.

இவ்வளவு பெரிய கருவி எதனால் ஆனது? வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் பயன்படும் பி.வி.சி. நெகிழியால்தான். ஒளியை நன்றாக எதிரொளிக்கும்படி அதில் வெண்ணிறப் பொருள் கலந்திருக்கிறார்கள். அந்நெகிழியில் 15.5 மீட்டர் நீளமுள்ள 344,064 அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஐந்து மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு நீண்டிருக்கும். ஆனால் அகலமோ சில சென்டிமீட்டர்தான். உள்ளே நிரப்பிய ஒளிர்திரவத்தில் பெரும்பகுதி கனிம எண்ணெய். குழந்தைகளின் உடலில் பூசும் எண்ணெயும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அதில் மினுங்கும் வேதிப்பொருளை ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தார்கள்.

ஒவ்வோர் அறையிலும் 0.7 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓர் இழை செல்கிறது. ஒரு முனையிலிருந்து நுழைந்து, கடைக்கோடியில் வளைந்து, மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வருகிறது. இதனால் இழையில் எந்தத் திசையில் ஓடிய ஒளியானாலும் ஒரே உணரியை வந்தடையும். எல்லா அறைகளின் இழைகளையும் ஒன்றாக இணைத்தால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும். ஒளியை உணரும் சில்லுகளோ, இரைச்சல் குறைவதற்காகச் சுழியத்துக்குக் கீழே 15 பாகை செல்சியசில் குளிரூட்டப்படுகின்றன.

இவற்றையெல்லாம் செய்தவர்கள் யார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. 32 அறைகள் கொண்ட பெட்டகங்கள் 10,752 தேவைப்பட்டன. அவற்றை மினசோட்டா பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்கள் ஏறத்தாழ 700 பேர் செய்து முடித்தார்கள். அவர்களில் பலர் இயற்பியல் மாணவர்கள் அல்லர். படிப்புக்கிடையே பகுதிநேர ஊதியத்துக்கு வந்து, நெகிழிப் பலகைகளை ஒட்டினார்கள், இழைகளைக் கோத்தார்கள், ஒளி சரியாகக் கடந்து செல்கிறதா, எங்கேனும் கசிவு உள்ளதா என்று சோதித்தார்கள். ஏனோதானோவென்று ஒட்டிய ஒரு மூட்டிலிருந்து எண்ணெய் கசியலாம். அளவுக்கு மீறி வளைத்த ஓர் இழை விரிசல் விட்டு ஒளியை இழக்கலாம். அப்படிப்பட்ட அறையில் நியூட்ரினோ மோதினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவர்கள் செய்தது தொழிற்சாலை வேலை, அறிவியல் செய்தவர்கள் பேராசிரியர்கள்தாம்" என்று சிலர் கூறலாம். பெற்றோர் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். தொழிற்கல்லூரிக்குப் போகும் பிள்ளையைப் பற்றி உறவினரிடம் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. இந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுக்கமாட்டேன். கருவியை வடிவமைத்தவரின் அறிவும் இழையைக் கோத்தவரின் திறனும் ஒன்றல்ல. ஆனால் இழையை எவ்வளவு வளைத்தால் தாங்கும், பசை எவ்வளவு நேரத்தில் இறுகும், எந்தச் சோதனையில் தோற்ற பெட்டகத்தைத் திருத்தலாம், எதைக் கழித்துவிட வேண்டும் என்பவையும் அறிவுதான். அந்த அறிவு சமன்பாட்டில் இல்லை. செய்து பார்த்தவர் கையில்தான் இருக்கிறது. அது இல்லாமல் சமன்பாட்டைச் சரிபார்க்கவும் முடியாது.

புதிய சிந்தனைகளும் பல சமயங்களில் பொருளோடு மல்லுக்கட்டும் இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. ஒளிர்திரவம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் 2025 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய ஜூனோ கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 35 மீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருண்டைக்குள் 20,000 டன் திரவத்தை மிகத் தூய்மையாக்கி வைத்திருக்கிறார்கள். அதில் இழைகள் இல்லை. ஆயிரக்கணக்கான ஒளியுணர் குழாய்கள் சுற்றிலும் நின்று பார்க்கின்றன.

லிக்விட்-ஓ என்னும் ஆய்வுக் குழுவினரோ நேர்மாறாகச் சிந்தித்தனர். திரவம் பால்போல் கலங்கலாக இருந்தால் என்ன? கலங்கலில் ஒளி நெடுந்தூரம் போகாது. பிறந்த இடத்தைச் சுற்றியே தட்டித் தடுமாறிக்கொண்டிருக்கும். அங்கே நெருக்கமாக இழைகளை நிறுத்தினால், ஒளி எங்கே பிறந்தது என்பதை அவை அருகிலிருந்தே சொல்லிவிடும். தெளிவான திரவத்தில் எங்கும் பரவிக் கலந்துவிடும் படம் இங்கே புள்ளி புள்ளியாகத் தெரியும். முதல் சோதனைகளில் ஒளிர்திரவத்தோடு மெழுகைக் கலந்தார்கள். சூடாக இருக்கும்போது தெளிவாக இருக்கும் கலவை, ஆறியதும் வெண்மையாகிவிட்டது. ஒரே கலவையை இரண்டு நிலையிலும் ஒப்பிட்டுப் பார்க்க இது உதவியது. 2021-இல் இம்முடிவுகளை வெளியிட்டார்கள். மெழுகு, வெப்பம், இழை ஆகியவை பெரும்பாலும் நம் பள்ளி ஆய்வகத்திலும் கடையிலும் கிடைக்கும் பொருள்களின் உறவினர்கள்தாமே!

ஆகவே பள்ளி மதிப்பீட்டில் ஒரு மாற்றம் வேண்டும் என்பது என் கருத்து. தயாராக உள்ள கருவியில் அளவெடுத்து எழுதும் அறிக்கைக்கு நாம் மதிப்பெண் தருகிறோம். கருவியைத் தாமே செய்து, அது ஏன் முதல் தடவை வேலை செய்யவில்லை, எதை மாற்றியதும் வேலை செய்தது என்று எழுதும் மாணவருக்கும் மதிப்பெண் வேண்டும். பெரிய செலவு எதுவும் தேவையில்லை. உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிய ஒரு காலணிப் பெட்டி, ஒளிரும் அடிக்கோல், நீல நிறக் கைவிளக்கு ஆகியவை போதும். பெட்டியின் ஒரு பக்கத்தில் அடிக்கோலின் விளிம்பு மட்டும் தெரியும்படி துளையிடுங்கள். மேலிருந்து விளக்கின் ஒளியை விளிம்புக்கு அருகில் ஒரு முறையும், தொலைவில் ஒரு முறையும் பாய்ச்சுங்கள். விளிம்பின் வெளிச்சம் எவ்வளவு குறைகிறது என்று அளக்க ஒரு வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கைப்பேசிக் கேமராவால் அளக்க முயல்வோர், அது வெளிச்சத்துக்கு ஏற்பத் தானாகவே தன்னைச் சரிசெய்துகொள்வதை விரைவில் கண்டுகொள்வார்கள். அதை எப்படித் தடுத்தீர்கள் என்பதைக் 'கருவிகளும் பொருள்களும்' என்னும் தலைப்பின்கீழ் எழுதுங்கள். ஒரு வரி போதாது. ஒரு பக்கமாவது வேண்டியிருக்கும்.