மீனுக்கு வழிவிட்டு இடிந்த 4 அணைகள்!

அணை கட்டிய செய்தி அடிக்கடி வரும். அணையை இடித்த செய்தி அபூர்வம். அமெரிக்காவில் ஒரே ஆற்றில் இருந்த 4 அணைகளை 2023, 2024 ஆகிய இரண்டே ஆண்டுகளில் இடித்துவிட்டார்கள். கான்கிரீட் அணையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். மண் அணையை எந்திரங்களால் வாரி எடுத்தார்கள்.

அவை இடிந்து விழும் நிலையில் இருந்தனவா? இல்லை. மின்சாரம் கொடுத்துக்கொண்டுதான் இருந்தன.

பிறகு ஏன் இடித்தார்கள்? மீன் வருவதற்கு!

அந்த ஆற்றின் பெயர் கிளமாத். ஆரிகன் மாநிலத்தில் ஒரு பெரிய ஏரியில் இருந்து புறப்படுகிறது. மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து, கலிபோர்னியா மாநிலத்துக்குள் புகுந்து, 250 மைலுக்கு மேல் ஓடிப் பசிபிக் கடலில் கலக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீன் வளத்தில் ஒரு காலத்தில் இந்த ஆற்றுக்கு மூன்றாவது இடம்.

பிறந்த இடம் தேடி

சால்மன் ஒரு விசித்திரமான மீன். அது ஆற்றில் பிறக்கும். கடலில் வளரும். மூன்று, நான்கு வருடம் கழித்து, முட்டை இடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணைப் போல!

பரந்த கடலில் இருந்து அதற்கு வழி எப்படித் தெரிகிறது? ஆற்றைக் கண்டுபிடிக்க மோப்பம் உதவுகிறது. குஞ்சாக இருந்தபோது முகர்ந்த தண்ணீரின் வாசனையை அது மறப்பதில்லை. பாறைகளைத் தாண்டி, ஓட்டத்தை எதிர்த்து நீந்தி வரும். கூழாங்கல் நிறைந்த ஓடையில் பெண் மீன் வாலால் குழி பறிக்கும். ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அத்துடன் அதன் வாழ்க்கை முடிந்தது. செத்த மீனின் உடல், கரடிக்கும் பறவைக்கும் கரையில் உள்ள மரங்களுக்கும்கூட உணவாகிறது.

இதற்கு ஓர் உறவுக்கார மீன் உண்டு. பெயர் ஸ்டீல்ஹெட். அதுவும் கடலுக்குப் போய் வரும். ஆனால் முட்டை இட்டதும் எல்லாம் இறப்பதில்லை. சில மீண்டும் கடலுக்குப் போய், இன்னொரு முறையும் வரும். நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் டிரவுட் மீனைப் பலர் பார்த்திருப்பார்கள். அதுவும் இதுவும் ஒரே இனம்தான். ஓடையிலேயே தங்கிவிட்டால் டிரவுட். கடலுக்குப் போய்ப் பெருத்து வந்தால் ஸ்டீல்ஹெட்!

வழி அடைந்தது

கிளமாத் ஆற்றில் முதல் அணை 1918-ல் எழுந்தது. 1960-களின் தொடக்கத்துக்குள் நான்கும் வந்துவிட்டன. கடைசியாகக் கட்டிய 'அயர்ன் கேட்' அணையின் உயரம் 173 அடி. அதில் மீன் ஏறிப் போக வழி இல்லை. மேலே இருந்த 400 மைல் நீளத்துக்கும் அதிகமான ஆறும் ஓடைகளும் மீனுக்கு இல்லாமல் போயின.

கெடுதல் அத்துடன் நிற்கவில்லை. தேங்கிய தண்ணீர் வெயிலில் சூடேறியது. பச்சைப் பாசி படர்ந்தது. அதில் விஷம் இருந்ததால், தண்ணீரில் இறங்காதே என்று பலகை வைக்க வேண்டி வந்தது. கூழாங்கல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டதால் கீழே முட்டை இடும் இடங்களும் குறைந்தன.

ஆற்றோரத்தில் யூரோக், காருக், ஹூப்பா, கிளமாத் முதலிய பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நமக்கு அரிசி எப்படியோ, அவர்களுக்குச் சால்மன் அப்படி.

2002 செப்டம்பரில் பெருங்கேடு வந்தது. மழை குறைந்த காலம். முந்தின ஆண்டு மீனுக்காக விவசாயிகளின் வாய்க்காலை அடைத்திருந்தார்கள். விவசாயிகள் கொதித்து எழுந்தார்கள். எனவே அந்த ஆண்டு பாசனத்துக்குத் தண்ணீர் விட்டார்கள். ஆறு வற்றிச் சூடாகியது. நெருக்கமாகக் கூடிய மீன்களிடையே நோய் பரவியது. குறைந்தது 34 ஆயிரம் மீன்கள் செத்து மிதந்தன.

கம்பெனி போட்ட கணக்கு

பழங்குடி மக்கள் விடவில்லை. மின்சாரக் கம்பெனிக்கு அப்போது சொந்தக்காரர்கள் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். 2004-ல் அங்கேயே போய், பங்குதாரர் கூட்டத்தில் முறையிட்டார்கள். பிறகு கம்பெனி, கோடீசுவரர் வாரன் பஃபெட்டின் நிறுவனத்துக்குக் கைமாறியது. அவருடைய ஊருக்கும் போனார்கள்.

கண்ணீரைப் பார்த்துக் கம்பெனி மனம் மாறியது என்று நினைத்தால் தவறு. அணைகளின் லைசென்சு 2006-ல் முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால், மீன் ஏறிப் போகப் படிகள் கட்டவேண்டும் என்று நிபந்தனை வந்தது. அதற்கு 40 கோடி டாலருக்கு மேல் ஆகும். அணைகளை இடிக்க ஒப்புக்கொண்டால், மின்சார வாடிக்கையாளர்கள் கொடுக்கவேண்டியது 20 கோடி டாலர்தான். மீதி 25 கோடி வரை கலிபோர்னியா மாநிலம் தரும். அணைகள் கொடுத்த மின்சாரமோ, கம்பெனியின் மொத்த உற்பத்தியில் நூற்றில் 2 பங்குகூட இல்லை. கணக்கு, மீனின் பக்கம் நின்றது! அப்படியும் அனுமதி கிடைக்க 2022 நவம்பர் ஆகிவிட்டது.

எதிர்ப்பும் இருந்தது. நீர்த்தேக்கக் கரையில் வீடு கட்டியவர்களின் வாசலில் இப்போது ஏரி இல்லை. சிஸ்கியூ மாவட்டத்தில் 2010-ல் நடந்த ஓட்டெடுப்பில் பெரும்பாலோர் இடிக்கக்கூடாது என்றுதான் சொன்னார்கள். அவர்களுடைய வருத்தத்தைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது.

வேலையிலும் தவறு நேர்ந்தது. 2024 ஜனவரியில் தண்ணீரைத் திறந்துவிட்டபோது ஆறு சேறாக ஓடியது. அடுத்த மாதம் சுமார் 8 லட்சத்து 30 ஆயிரம் சால்மன் குஞ்சுகளை அணைக்கு மேலே விட்டார்கள். அணையின் சுரங்க வழியாகப் பாய்ந்தபோது நீரழுத்த மாறுதல் தாங்காமல் அவற்றில் பெரும்பகுதி இறந்தது. இந்த இழப்பு தவிர்த்திருக்கக்கூடியது.

2024 ஆகஸ்டு கடைசியில் ஆறு தன் பழைய தடத்தில் ஓடியது. அக்டோபர் 16-ந் தேதி, நான்கு அணைகளுக்கும் மேலே, ஆரிகன் மாநில ஓடை ஒன்றில் ஒரு சால்மன் மீனைக் கண்டார்கள். 1912-க்குப் பிறகு அந்தப் பக்கம் வந்த முதல் சால்மன் அது!

மரம் கிடத்தும் வேலை

அணை போனால் மட்டும் ஆறு திரும்பிவிடுமா? சேறு படிந்த நிலத்தில் பழங்குடி மக்கள் அந்த மண்ணுக்கே உரிய புல், செடி, மர விதைகளைக் கோடிக்கணக்கில் தூவினார்கள். கரையில் நிழல் வந்தால்தான் ஓடை குளிரும்.

ஓடைகளில் பெரிய மரங்களை வேரோடு கொண்டுவந்து கிடத்துகிறார்கள். மரத்தைச் சுற்றிப் பள்ளம் விழும். குளிர்ந்த தண்ணீர் தேங்கும். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இப்படிக் கிடந்த மரங்களைத்தான், மீனுக்கு இடைஞ்சல் என்று முன்பு அரசாங்கமே அகற்றியது!

கீழே உள்ள புளூ கிரீக் என்னும் ஓடை மிகக் குளிர்ந்தது. வெயிலில் களைத்து வரும் மீன் அங்கே இளைப்பாறும். அதைச் சுற்றியுள்ள சுமார் 47 ஆயிரம் ஏக்கர் காடு 2025-ல் யூரோக் மக்களிடம் திரும்பி வந்தது.

இந்த உழைப்பு பலன் தரும் என்பதற்கு எல்வா ஆறு சாட்சி. வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அந்த ஆற்றில் 2 அணைகளை 2011 முதல் 2014 வரை இடித்தார்கள். நூறு வருடமாக மேலே அடைபட்டு, டிரவுட்டாகவே வாழ்ந்த மீனின் சந்ததி, வழி திறந்ததும் கடலுக்குப் போய் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பியது.

தீராத தகராறு

இடித்த அணைகள் நான்கும் பாசன அணைகள் அல்ல. அவை போனதால் எந்த வயலும் காயவில்லை. ஆற்றின் தலைப்பில் இன்னும் 2 அணைகள் நிற்கின்றன. சுமார் 2 லட்சம் ஏக்கரில் உருளைக்கிழங்கு, கோதுமை, மாட்டுத் தீவனம் விளைவிக்கும் விவசாயிகள் அந்த ஏரித் தண்ணீரை நம்பியிருக்கிறார்கள்.

அந்த 2 அணைகளில் மீன் ஏற வழி உண்டு. 2025 இலையுதிர் காலத்தில் சால்மன் அதிலும் ஏறி, ஏரியைக் கடந்து, அதற்கு அப்பால் உள்ள வில்லியம்சன், ஸ்பிரேக் ஆறுகளுக்குப் போய்விட்டது. விவசாயிகளுக்குக் கவலை பிறந்தது. மீன் குஞ்சு வாய்க்காலில் புகாமல் தடுக்கச் சல்லடை போடவேண்டும். அந்தச் செலவு யாருடையது? வறட்சி வந்தால் தண்ணீர் வயலுக்கா, மீனுக்கா? 2001-ல் எழுந்த இந்தக் கேள்விக்கு அணையை இடித்ததால் விடை கிடைக்கவில்லை.

2024 கடைசியில் மேல் ஓடைகளில் இட்ட முட்டைகள் பொரித்துக் குஞ்சுகள் 2025-ல் கடலுக்குப் போயின. பிழைத்தவை 2027, 2028-ம் ஆண்டுகளில் திரும்பி வரவேண்டும். எத்தனை வருகின்றன என்று எண்ணுவதற்கு, பழைய அயர்ன் கேட் அணை இருந்த இடத்தில், ஒலி அலையால் மீனைக் கணக்கிடும் கருவியை ஆற்றுக்குள் வைத்திருக்கிறார்கள்.