படத்தின் கதை யாருடைய கதை?

பொழுதுபோக்காகப் பயணப் படம் பிடிப்போரிடையே இன்று ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. தாம் எடுத்தவற்றுள் தமக்கு மிக உவப்பான படத்தைத் தெரிந்து, அதன் பின்னணிக் கதையையும் உடன் எழுதி வெளியிடுவதே அவ்வழக்கம். கதைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. விடியுமுன் எழுந்தது, வழி தவறியது, மேகம் விலகும்வரை காத்திருந்தது, ஈற்றில் அந்த ஒரு கணம் வாய்த்தது என அவை அமையும். படம் பிடித்தவர் பட்ட பாடு கதையாகின்றது. படத்தில் உள்ளவர் பட்ட பாடு கதைக்குப் புறம்பாகின்றது. இதனைத் தீங்கற்ற பொழுதுபோக்கெனக் கருதுவோர் அச்சுவேலிப் பகுதியை ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அச்சுவேலி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில் அமைந்த ஊர். வடமராட்சிக்குச் செல்லும் வீதியில் வல்லைவெளியும் தொண்டைமானாற்றுக் கடனீரேரியும் உள்ளன, தெற்கே புத்தூரை அண்டி நிலாவரைக் கிணறு, வடக்கே வளலாய். 2009இல் போர் முடிந்து பயணத் தடைகள் தளர்ந்தபின் கமராவுடன் இங்கு வருவோர் பலர். தென்னிலங்கையினரும் வெளிநாட்டினரும் மட்டுமன்றிப் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும், கைத்தொலைபேசியுடன் சுற்றுலா செல்லும் பல்கலைக்கழக மாணவரும் அவருள் அடங்குவர். வல்லைவெளியின் அந்திவானம், நிலாவரையின் நீர்ப்பரப்பு, கூரையிழந்த வீட்டினுள் முளைத்த மரம் ஆகியன இவர்களுக்கு உவப்பான காட்சிகள்.

கூரையிழந்த வீட்டின் படத்துக்குக் காலம் தின்ற வீடு என்றவாறு தலைப்பிடப்படுகின்றது. காலம் ஓடுகளைக் கழற்றுவதில்லை. நிலையையும் கதவையும் பெயர்த்துச் செல்வதுமில்லை. பலாலிப் படைமுகாமைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990இல் வெளியேற நேர்ந்தது. வளலாயின் காணிகளில் ஒரு பகுதி 2015 மார்ச்சிலேயே, கால் நூற்றாண்டு கழிந்தபின்னரே, உரியவர்களிடம் மீண்டது. மனிதர் செய்ததைக் காலத்தின் தலையில் ஏற்றுவது அழகுணர்ச்சியாயின், அந்த அழகுணர்ச்சி பொய்ச்சாட்சிக்கு உடந்தையாகின்றது.

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்கள் விட்டுச்சென்றவற்றுள் குடும்பப் படத்தொகுதிகளும் அடங்கும். திருமணப் படமோ, இறந்த தந்தையின் படமோ மிஞ்சாத குடும்பங்கள் பல. கூரையிழந்த வீட்டின் படம் வழிப்போக்கர் பலரிடம் உண்டு. கூரையோடிருந்த அதே வீட்டின் படம் வீட்டுக்காரரிடம் இல்லை. நிழற்படத்தின் அருமையை இழப்பால் அறிந்த ஒரு சமூகத்தின் முற்றத்தில் நின்று, பெயரும் கேளாது படமெடுத்துச் செல்வது எவ்வகை இரசனை?

நிலாவரையின் நிலையும் இதுவே. அடிகாணாக் கிணறு என்ற வியப்பும், இராமன் அம்பெய்த கதையும் படத்தோடு செல்கின்றன. சுண்ணாம்புக்கல் கரைந்து உண்டான அக்குழியின் மேல்மட்டத்தில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன என்ற செய்தி செல்வதில்லை. ஆறுகளற்ற குடாநாட்டில் மழைநீரே நிலத்தடியில் தேங்கிக் கிணற்று நீராகின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். புகையிலையும் வெங்காயமும் பயிரிடும் கமக்காரனின் வாழ்வு இந்த மெல்லிய நன்னீர்ப் படையிலேயே தங்கியுள்ளது. அதிசயம் என்ற சொல் அவனது அச்சத்தை மறைத்துவிடுகின்றது.

அழகை இரசிப்பதற்கும் ஆவணம் எழுதவேண்டுமோ எனச் சிலர் வினவுவர். அந்திவானத்துக்கு வேண்டியதில்லை; அயலான் வீட்டுக்கு வேண்டும். படமே ஒரு சாட்சியன்றோ என வேறு சிலர் வாதிடுவர். ஊரும் ஆண்டும் பெயரும் அற்ற சாட்சியை எந்த வழக்கும் ஏற்பதில்லை.

புகழ்பெற்ற கலைஞரும் இக்குற்றத்துக்கு விலக்கானவரல்லர். 1936இல் கலிபோர்னியாவில் டொரதியா லாங் எடுத்த இடம்பெயர் தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அப்பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை. உணவுக்காகக் காரின் டயர்களை அவள் விற்றதாக அவர் எழுதிய குறிப்பைக் குடும்பத்தினர் பின்னர் மறுத்தனர். புளோரன்ஸ் தொம்சன் என்ற அப்பெயரை உலகம் அறிந்தது 1978இலேயே. 1984இல் பாகிஸ்தானிய அகதி முகாமில் ஸ்டீவ் மக்கரி படமெடுத்த ஆப்கானியச் சிறுமி சர்பத் குலா, தம் முகம் உலகெங்கும் பரவியதை அறிந்தது 2002இல். படம் பிடித்தவர்களின் கதைகளோ அதற்குள் பன்முறை சொல்லப்பட்டுவிட்டன. அப்படங்கள் பயன் விளைத்தன என்பது உண்மையே. பயன் விளைந்தமையால் பெயர் கேளாமை நியாயமாகிவிடாது.

அச்சுவேலிக்குக் கமராவுடன் செல்வோர் செய்யவேண்டியவை அரியனவல்ல. படலையில் நின்று கேட்டு உட்செல்லுதல் வேண்டும். வீடு யாருடையது, எந்த ஆண்டில் யாரால் இந்நிலை அடைந்தது என அறிந்து, அவர் இசைந்த அளவுக்கு எழுதுதல் வேண்டும். எடுத்த படத்தின் ஒரு பிரதியை அவ்வீட்டுக்கே அனுப்புதல் வேண்டும். அவ்வாறு செய்பவர் தாம் விடியுமுன் எழுந்த கதையையும் தாராளமாக எழுதலாம். அது இரண்டாவது பந்தியாக அமையட்டும். முதற்பந்தி வீட்டுக்காரருக்கு உரியது.