மூட்டையின் மேல் எழுத்து

ஒரு சங்கத்தின் சரக்கு சந்தையை அடையுமுன் கண்ணிற் படுவது அதன் பெயரே. சிப்பத்தின் மீதும் சாக்கின் மீதும் தீட்டப்படும் அவ்வெழுத்து தெளிவாக இல்லையேல், நெய்தவர் உழைப்பும் விளைவித்தவர் உழைப்பும் பெயரற்ற சரக்காகிவிடும். ஆகவே, ஸ்டென்சில் என வழங்கும் எழுத்துத் தகட்டைப் பற்றி அங்கத்தினர்களுக்குச் சில கூற விரும்புகிறோம்.

தகட்டில் எழுத்தை வெட்டியெடுத்து, அதனைச் சாக்கின் மேல் வைத்து, மை தோய்ந்த தூரிகையால் தட்டினால் எழுத்துப் பதிகிறது. ஆனால் ‘வ’ என்னும் எழுத்தை அப்படியே வெட்டினால் அதன் நடுவேயுள்ள கண்ணும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அது உதிராதிருக்கவே இடையில் மெல்லிய பட்டைகளை விட்டு வெட்டுகிறார்கள். எழுத்திற் காணும் அவ்விடைவெளி அலங்காரத்திற்காக வந்ததன்று, தேவையால் வந்தது.

தேவையிற் பிறந்த இவ்வுருவை அச்சுலகம் பின்னர் விரும்பி ஏற்றது. அமெரிக்காவில் ஜெர்ரி பவலும் ஹண்டர் மிடில்டனும் அமைத்த இருவேறு ஸ்டென்சில் அச்செழுத்துகள் 1937ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்து ஸ்டீவன்சன் பிளேக் வார்ப்பகம் 1939இல் வெளியிட்ட எழுத்துக்கு ‘டீ செஸ்ட்’, அதாவது தேயிலைப் பெட்டி, என்றே பெயர். தடித்து, ஒடுங்கி நிற்கும் தலைப்பெழுத்து அது. இந்தியாவிலும் இலங்கையிலும் நம் மக்கள் பலர் கொழுந்து கிள்ளிய தோட்டங்களிலிருந்து கப்பலேறிய பெட்டிகளில், தோட்டத்தின் பெயரும் தேயிலையின் ரகமும் எடையும் தகடு வைத்தே தீட்டப்பட்டன.

ஒடுங்கிய எழுத்து நமக்கும் தேவையே. கூட்டுறவுச் சங்கங்களின் பெயர்கள் நீளமானவை. சாக்கின் முகமோ சிறிது. அகலத்தைக் குறைத்து உயரத்தைக் காத்தால்தான் தொலைவிலிருந்து படிக்க இயலும். எனினும் ஆங்கிலப் பேரெழுத்துகளிற் பல நேர்கோடுகளால் ஆனவை. அவற்றை எளிதில் ஒடுக்கலாம். தமிழெழுத்தோ சுழியால் வாழ்வது. மிக நெருக்கினால் மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒன்றாய்த் தோன்றும். ‘எண்’ என்பது ‘என்’ ஆகும். புள்ளிக்குப் பட்டை வேண்டுவதில்லையாயினும், அதனைச் சிறிதாக வெட்டினால் மை அடைத்து மறைந்துபோம்.

இக்காலத்தில் கணினியும் லேசர் கருவியும் எவ்வுருவையும் வெட்டித் தருகின்றன. ஆனால் அகன்ற எழுத்தைக் கணினியில் பக்கவாட்டில் நசுக்குவது ஒடுங்கிய எழுத்தாகாது. நிற்கும் கோடு மெலிய, கிடைக்கோடு தடித்தே நிற்கும். ஒடுக்கமாகவே வரையப்பட்ட எழுத்தைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். இடம் போதாவிடில் பெயரைச் சுருக்குக, சுழியைச் சுருக்கற்க. தகட்டை வெட்டியவரல்லாத ஓர் அங்கத்தினரைப் பத்தடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொல்வதே தக்க சோதனை.

தமிழில் வெட்டுவது கடினம், ஆங்கிலத் தகடே போதும் என்பார் உளர். வெளியூர்ச் சந்தைக்காக ஆங்கிலமும் இருக்கட்டும். ஆனால் தன் மூட்டையின் எண்ணையும் எடையையும் பிறரைக் கேளாமல் தானே படித்தறியும் உரிமை, அதனை விளைவித்தவருக்கு முதலில் உண்டு. சரக்கின் உடைமையாளர் படிக்க இயலாத குறி, கூட்டுறவின் குறியாகாது. அடுத்த முறை புதுத் தகடு வெட்டும்போது நிர்வாகக் குழுவினர் இதனை மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்.